கரண்ட் தடுமாறினால் சிப்பில் இருக்கும் ப்ரோகிராம் அழியுமா?

ஒருவர் அனுப்பிய கேள்வி இதுதான். ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பை வைத்து மோட்டார் ஸ்டார்ட்டருக்கு ஒரு கன்ட்ரோலர் செய்திருக்கிறார். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 5 வோல்ட் சப்ளை, சீரியல் வழியாக ப்ரோகிராம் ஏற்ற உதவும் ஆர்டுயினோ பூட்லோடர். மேசை மேல் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியிருக்கிறது. தோட்டங்களில் மாட்டிய இருபது போர்டுகளில் மூன்று, கரண்ட் டிம்மாகி வந்து வந்து போன ஒரு நாளுக்குப் பிறகு செத்துவிட்டன. சீரியல் வழியாக அதே ப்ரோகிராமைத் திரும்ப ஏற்றினால் பழையபடி ஓடுகின்றன. "சிப் டூப்ளிகேட்டா, இல்லை ஃபிளாஷ் மெமரி நிஜமாகவே தானாக அழியுமா?" என்று கேட்கிறார்.

டூப்ளிகேட் சிப் நடமாட்டம் உண்டுதான். ஆனால் திரும்ப ஏற்றினால் ஓடுகிறது என்றால் சிலிக்கானுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே இருந்த எழுத்து மட்டும் போயிருக்கிறது. அதைத் தானாக அழிந்தது என்று சொல்ல முடியாது. அந்தச் சிப்பே தன் கையால் அழித்துக்கொண்டது.

எப்படி என்று பார்ப்போம். சிப்புக்கு முழு வோல்டேஜ் இருந்தால் பிரச்சினை இல்லை. வோல்டேஜே இல்லை என்றாலும் பிரச்சினை இல்லை, ஃபிளாஷில் இருப்பது அப்படியே இருக்கும். ஆபத்து நடுவில். ஏடிமெகா328பி எந்த வோல்டேஜில் எவ்வளவு வேகம் ஓடலாம் என்று டேட்டாஷீட்டில் ஒரு வரைபடம் இருக்கும்: 1.8 வோல்ட்டில் 4 மெகாஹெர்ட்ஸ், 2.7 வோல்ட்டில் 10, 4.5 வோல்ட்டில் 20. இடையில் நேர்கோடு. அந்தக் கோட்டில் 16 மெகாஹெர்ட்ஸுக்கு நேராகப் பார்த்தால் ஏறத்தாழ 3.8 வோல்ட் வருகிறது. அதற்குக் கீழே போன சிப் உடனே நின்றுவிடும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். நிற்காது. கிரிஸ்டல் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும், சிபியு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஃபிளாஷிலிருந்து படிக்கும் கட்டளை, அடுத்த துடிப்புக்குள் சரியாக வந்து சேராது. ஒரு பிட் மாறிப் படித்தால் கூட்டல் கட்டளை தாவல் கட்டளை ஆகிவிடும். அடுத்த கட்டளை எங்கே என்று காட்டும் ப்ரோகிராம் கவுன்ட்டர் எங்கேயோ போய் விழும்.

விழுகிற இடம் பூட்லோடராக இருந்தால்தான் வினை. இந்தச் சிப்பில் ஃபிளாஷை அழிக்கவும் எழுதவும் எஸ்பிஎம் என்று ஒரு கட்டளை இருக்கிறது. பூட்லோடர் குடியிருக்கும் பூட் பகுதியில் இருந்து ஓடினால்தான் அது வேலை செய்யும். பூட்லோடர் என்பதே அந்தக் கட்டளையைச் சரியான வரிசையில் கொடுப்பதற்காக எழுதப்பட்ட நிரல். வழி தவறி வந்த சிபியு அதன் நடுவில் போய் விழுந்தால், எந்தப் பக்கத்தை அழிக்க வேண்டும் என்று சொல்லும் ரிஜிஸ்டரில் அப்போது என்ன குப்பை இருக்கிறதோ, அந்தப் பக்கம் காலி. ஒரு பக்கம் என்றால் 128 பைட். இந்த விபத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனால் எத்தனை முறை சீட்டு குலுக்குகிறோம் என்று பாருங்கள். ரெகுலேட்டருக்குப் பின்னால் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், போர்டு எடுப்பது 10 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வோல்டேஜ் 4-லிருந்து 2-க்கு இறங்க 0.2 செகண்ட் ஆகும். அந்த நேரத்தில் 16 மெகாஹெர்ட்ஸ் சிப் 32 லட்சம் துடிப்பு ஓடிவிடும். ஒரு தடவை கரண்ட் போனதற்கே இவ்வளவு. அன்றைக்கு எத்தனை தடவை வந்து போனதோ!

கெப்பாசிட்டர் பெரிதாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்துப் பெரிதாகப் போடுகிறோம். இந்த விஷயத்தில் அது ஆபத்தான நேரத்தை நீட்டித்தான் விடுகிறது. மேசையில் சுவிட்சைப் படக்கென்று அணைத்துச் சோதித்தபோது இது தெரியாமல் போனதற்கும் இந்த நேரம்தான் காரணம். மேசையில் கரண்ட் ஒரேயடியாகப் போகும். தோட்டத்தில் இழுத்து இழுத்துப் போகும்.

உங்கள் கதையில் இன்னொரு தடயம் இருக்கிறது. சீரியல் வழியாகவே திரும்ப ஏற்ற முடிந்தது என்கிறீர்கள். அப்படியானால் பூட்லோடர் உயிரோடு இருந்திருக்கிறது. ஆர்டுயினோ முறையில் பூட்லோடரை ஏற்றும்போது, எஸ்பிஎம் கட்டளை பூட் பகுதிக்குள் எழுத முடியாதபடி ஒரு லாக் பிட்டும் போடப்படுகிறது. உங்கள் ப்ரோகிராம் இருக்கும் பகுதிக்கு அந்தப் பூட்டு கிடையாது. பூட்டிய அறை தப்பித்தது, திறந்த அறையில் திருட்டு. நான் இருந்தால் முதல் சந்தேகத்தை இங்கேதான் வைப்பேன்.

சந்தேகத்தை உறுதி செய்யலாம். அடுத்த போர்டு செத்து வந்தால் அவசரப்பட்டுத் திரும்ப ஏற்றாதீர்கள். பூட்லோடர் உதவி இல்லாமல் சிப்பை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் முடிகிற ஐஎஸ்பி ப்ரோகிராமரை மாட்டி, ஏவிஆர்டியூட் என்ற மென்பொருளில் ஃபிளாஷை அப்படியே படித்து ஒரு ஃபைலில் வையுங்கள். ஒரிஜினல் ஃபைலோடு பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். சரியாக 128-இன் மடங்கில் ஆரம்பித்து 128 பைட் முழுவதும் எஃப்எஃப் (அழித்த பைட்டின் மதிப்பு) என்று வரிசையாக நின்றால், ஒரு பக்கம் அழிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் சம்பந்தமில்லாத எண்கள் இருந்தால், அழித்தது மட்டுமல்ல, எழுதவும் செய்திருக்கிறது. இரண்டு ஃபைலும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் ஃபிளாஷ் மேல் பழி போடாதீர்கள். செட்டிங்குகளைச் சேமிக்கும் தனி மெமரியான ஈஈப்ராமில் இருந்தது கெட்டுப்போய், அதைப் படித்த உங்கள் ப்ரோகிராம் முழி பிதுங்கி நின்றிருக்கலாம். நான் பார்த்தவரை ஃபிளாஷ் அழிந்ததைவிட ஈஈப்ராம் கெட்ட கேஸ்தான் அதிகம். ஈஈப்ராமில் எழுத எந்தப் பகுதியிலிருந்தும் முடியும், பூட்டும் கிடையாது.

சரி, தடுப்பது எப்படி? ப்ரோகிராமுக்குள் வோல்டேஜைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாமே என்பதுதான் முதலில் தோன்றும். தள்ளாடுகிறவனையே கூப்பிட்டு "நீ நிதானமாகத்தான் இருக்கிறாயா?" என்று கேட்பது போன்றது அது. சரிபார்க்க வேண்டிய சிபியுவே தடுமாறிக்கொண்டிருக்கிறது. ப்ரோகிராம் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமரைப் போட்டாலும் இதே கதைதான். அது ரீசெட் செய்யும், வோல்டேஜ் அதே இடத்தில் இருக்கும், சிபியு மறுபடி தடுமாறும். வோல்டேஜ் போதாத நேரம் முழுக்க சிப்பை ரீசெட்டிலேயே பிடித்து வைப்பது ஒன்றுதான் வழி. ரீசெட்டில் இருக்கும் சிபியு கட்டளை எதையும் ஓட்டாது, தப்பும் செய்யாது.

அதற்கான உறுப்பு சிப்புக்குள்ளேயே இருக்கிறது. வோல்டேஜ் ஒரு வரம்புக்குக் கீழே போனால் ரீசெட்டில் பிடித்து வைக்கும் பிரவுன்-அவுட் டிடெக்டர், சுருக்கமாக பிஓடி. வேடிக்கை என்னவென்றால், புது ஏடிமெகா328பி வாங்கினால் அது அணைந்த நிலையில்தான் வருகிறது. ஃபியூஸ் என்றால் இங்கே சிப்பின் அமைப்பைக் குறித்து வைக்கும் பைட். எக்ஸ்டெண்டட் ஃபியூஸ் என்ற பைட்டில் பிஓடிக்கு மூன்று பிட். 111 என்றால் பிஓடி இல்லை, 110 என்றால் 1.8 வோல்ட், 101 என்றால் 2.7, 100 என்றால் 4.3. கடையில் தனிச் சிப்பாக வாங்கி, பூட்லோடரை ஏதோ ஒரு வழியில் ஏற்றி, ஃபியூஸைத் தொடாமல் விட்டிருந்தால் உங்கள் போர்டில் பிஓடியே இல்லை. ஆர்டுயினோ ஊனோ மெனுவில் இருந்து பூட்லோடர் ஏற்றியிருந்தால் 2.7 வோல்ட் விழுந்திருக்கும்.

2.7 இருந்தால் போதுமா? 16 மெகாஹெர்ட்ஸுக்குப் போதாது. நம் கணக்குப்படி 3.8-க்குக் கீழே சிபியுவை நம்ப முடியாது. பிஓடி விழிப்பது 2.7-இல், அதுவும் சிப்புக்குச் சிப் 2.5-லிருந்து 2.9 வரை மாறும். நடுவே ஒரு வோல்ட்டுக்கு மேல் காவலே இல்லாத இடைவெளி. நடைமுறையில் சாதாரண வெப்பநிலையில் சிப்புகள் 3.3 வோல்ட்டிலும் 16-இல் ஓடிவிடுகின்றன, அதனால் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. மே மாத வெயிலில் தகரப் பெட்டிக்குள் இருக்கும் போர்டுக்கு அந்தத் தாராளத்தை நம்பி நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆகவே இரண்டு ஜோடிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 16 மெகாஹெர்ட்ஸ் வேண்டும் என்றால் பிஓடி 4.3. அதன் வரம்பு 4.1-லிருந்து 4.5 வரை, எந்தச் சிப்பிலும் 3.8-க்கு மேலேயே பிடித்துவிடும். ஆனால் உங்கள் 5 வோல்ட் நிஜமாகவே 5 வோல்ட்டாக இருக்க வேண்டும். ரிலே இழுக்கும் நொடியில் 4.4-க்குச் சரிந்தால் சில போர்டுகள் ரீசெட் ஆகும். அப்போது பிஓடியைத் திட்டாமல் சப்ளையைச் சரிசெய்யுங்கள். இரண்டாவது ஜோடி, 8 மெகாஹெர்ட்ஸும் பிஓடி 2.7-உம். 8-க்கு அந்தக் கோட்டில் தேவை 2.4 வோல்ட். பிஓடி எவ்வளவு தாமதமாக விழித்தாலும் 2.5-இல் விழித்துவிடும். இடைவெளியே இல்லை. மோட்டார் ஸ்டார்ட்டருக்கு 8 மெகாஹெர்ட்ஸ் தாராளம். வேகமாக ஓடினால் மோட்டார் ஒன்றும் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகப்போவதில்லை! எனக்கு விருப்பம் இரண்டாவதுதான்.

பேட்டரியில் ஓடும் கருவி செய்பவர்கள் பிஓடி கரண்ட் தின்கிறது என்று அணைத்துவிடுவார்கள். தின்பது இருபது மைக்ரோஆம்பியர் அளவில். பவர்-டவுனில் 1 மைக்ரோஆம்பியருக்கும் கீழே தூங்கும் சிப்புக்கு அது பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் பெயர் முடிவில் 'பி' உள்ள இந்தச் சிப்பில், தூங்கும் நேரத்துக்கு மட்டும் பிஓடியை அணைக்க வசதி இருக்கிறது. எழும்போது அது முதலில் எழுந்து, பிறகே சிபியு ஓடத் தொடங்கும். தூக்கத்தில் சிபியு கட்டளை எதையும் ஓட்டாததால் அப்போது பயமில்லை.

அடுத்தது லாக் பிட். தோட்டத்தில் மாட்டிய பிறகு சீரியல் வழியாகப் புது ப்ரோகிராம் ஏற்றப்போகிறீர்களா? இல்லை என்றால் ப்ரோகிராம் பகுதிக்கும் எஸ்பிஎம் பூட்டைப் போட்டுவிடுங்கள். பிறகு சிபியு எங்கே போய் விழுந்தாலும் ஃபிளாஷை எழுத முடியாது. சர்வீஸுக்கு வந்தால் ஐஎஸ்பியில் முழுதும் அழித்துத்தான் ஏற்ற வேண்டும், பூட்டும் அப்போதுதான் திறக்கும். அந்த அழிப்பில் ஈஈப்ராமும் சேர்ந்து போகும். அதைக் காப்பாற்ற ஈஈசேவ் என்று தனி ஃபியூஸ் இருக்கிறது, போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வாடிக்கையாளரின் டைமர் செட்டிங் எல்லாம் போய் உங்களுக்குத்தான் திட்டு.

ரீசெட் பின்னில் 10 கிலோஓம், 10 மைக்ரோஃபாரட் போட்டிருக்கிறேனே என்பார்கள். 8051 காலத்துப் பழக்கம். கரண்ட் புதிதாக வரும்போது கொஞ்ச நேரம் ரீசெட்டைப் பிடித்து வைக்க மட்டும்தான் அது உதவும். வோல்டேஜ் பாதி இறங்கி ஏறும்போது அந்தக் கெப்பாசிட்டர் காலியாவதே இல்லை, ரீசெட்டும் வராது. வெளியே ஏதாவது போடுவதென்றால் வோல்டேஜ் சூப்பர்வைசர் ஐசி போடுங்கள். மேக்ஸ்809 மூன்றே கால் உள்ள சின்ன ஐசி. 5 வோல்ட்டுக்கு எல் வகை 4.63-இல் பிடிக்கும், எம் வகை 4.38-இல். வோல்டேஜ் சரியான பிறகும் குறைந்தது 140 மில்லிசெகண்ட் ரீசெட்டைப் பிடித்து வைக்கும். கரண்ட் நடுங்கிக்கொண்டு வரும் இடத்துக்கு இந்தத் தாமதம் பெரிய வரம். ஒரு சிக்கல்: மேக்ஸ்809 ரீசெட் லைனை மேலேயும் இழுத்துப் பிடிக்கும், அதனால் ஐஎஸ்பி ப்ரோகிராமரோடு மல்லுக்கட்டும். மேக்ஸ்803 ஓப்பன் டிரெயின், கீழே மட்டும் இழுக்கும். ஒரு புல்-அப் ரெசிஸ்டரோடு அதைப் போட்டால் தகராறு இல்லை.

இங்கே ஒரு சொந்த அனுபவம். மெயின் சப்ளையைப் பிடுங்கிய பிறகும் ஒரு போர்டில் எல்இடி மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. மீட்டர் வைத்தால் 5 வோல்ட் லைனில் 2.3 வோல்ட். எங்கிருந்து வருகிறது என்று அரை நாள் தேடினேன். தனி அடாப்டரில் ஓடிய டிஸ்ப்ளேயின் சீரியல் லைன், சிப்பின் ஆர்எக்ஸ் பின்னுக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக முழு போர்டுக்கும் சப்ளை கொடுத்துக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்கச் சிப் அந்த அரைகுறை வோல்டேஜில் உளறிக்கொண்டிருந்திருக்கிறது. காலையில் ஈஈப்ராமைப் படித்தால் பாதி குப்பை. உங்கள் போர்டில் ஜிஎஸ்எம் மாட்யூலோ வேறு ஏதாவதோ தனிச் சப்ளையில் இருந்தால், மெயினைப் பிடுங்கிவிட்டு ஒரு தடவை மீட்டர் வைத்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னது நாம் கேட்காமலே நடக்கும் எழுத்து. நாமே வேண்டுமென்று எழுதும்போது கரண்ட் போனால்? அதை பிஓடி காப்பாற்றாது. ஏடிமெகாவில் ஒரு ஈஈப்ராம் பைட் எழுத 3.4 மில்லிசெகண்ட் ஆகிறது. 32 பைட் செட்டிங் எழுத 110 மில்லிசெகண்ட். நடுவில் ரீசெட் விழுந்தால் பாதி பழையது, பாதி புதியது. கரண்ட் போகப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும், எழுதி முடிக்கும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். ரெகுலேட்டருக்கு முன்னால், 12 வோல்ட் பக்கத்தில் ஒரு டயோடு போட்டு அதற்குப் பின்னால் கெப்பாசிட்டர் வையுங்கள். டயோடுக்கு முன்னால் இரண்டு ரெசிஸ்டர் வைத்து வோல்டேஜைப் பிரித்து, இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் சிப்பின் கம்பேரேட்டருக்குக் கொடுங்கள். 12 சரியத் தொடங்கியதுமே தெரிந்துவிடும். ரிலேயை டயோடுக்கு முன்னாலேயே விடுங்கள், அது கெப்பாசிட்டரைக் குடிக்கக் கூடாது.

எவ்வளவு கெப்பாசிட்டர்? போர்டு 20 மில்லிஆம்பியர், 110 மில்லிசெகண்ட், 5 வோல்ட் ரெகுலேட்டரான 7805-க்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட் வேண்டும் என்பதால் 12-லிருந்து 7 வரை 5 வோல்ட் இறங்கலாம். கணக்குப் போட்டால் 440 மைக்ரோஃபாரட். டயோடு தின்பது, கெப்பாசிட்டர் வயதாகித் தேய்வது எல்லாம் சேர்த்து 1000 போடுங்கள். இதையே 5 வோல்ட் பக்கத்தில் வைத்தால் இறங்க முடிவது அரை வோல்ட்தான், அங்கே 4400 வேண்டும். ஏன் முன்பக்கம் என்பது இதிலேயே தெரியும்.

இவ்வளவு செய்தும் ஒரு எழுத்து பாதியில் நிற்கத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டு ப்ரோகிராம் எழுதுங்கள். செட்டிங்கை இரண்டு இடத்தில் மாற்றி மாற்றி எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண்ணும், தகவல் கெட்டதா என்று சரிபார்க்க உதவும் சிஆர்சி எண்ணும் இருக்கட்டும். ஆன் ஆனதும் இரண்டையும் படித்து, சிஆர்சி சரியாக இருப்பவற்றில் புதியதை எடுங்கள். இரண்டும் தப்பாக இருந்தால் மட்டும் டிஃபால்ட். அப்புறம், ஆன் ஆன உடனே எதையும் எழுதாதீர்கள். எத்தனை தடவை ஆன் ஆனது என்று எண்ணி எழுதும் பழக்கம் சிலருக்கு உண்டு. கரண்ட் வந்து வந்து போகும் நாளில், வோல்டேஜ் மிக மோசமாக இருக்கும் நொடியில்தான் அது எழுதப் போகும். ஓரிரு செகண்ட் பொறுத்து எழுதினால் குடியா முழுகிவிடும்?

ஈஈப்ராமில் பூஜ்ஜியமாவது முகவரியைப் பயன்படுத்தாதே என்று பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மூடநம்பிக்கை அல்ல. ஏடி90எஸ்8515 போன்ற முதல் தலைமுறை ஏவிஆர் சிப்புகளில் உள்ளே பிஓடி கிடையாது. வோல்டேஜ் சரியும்போது நடக்கும் தவறான எழுத்து, முகவரி ரிஜிஸ்டர் பூஜ்ஜியத்தில் நிற்கும்போது அந்த முதல் பைட்டில்தான் போய் விழும். வெளியே பிஓடி சர்க்யூட் கட்டுவது எப்படி என்பதற்கே அட்மெல் தனியாக ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தது. இன்றைக்கு பிஓடி போட்டிருந்தால் அந்த விதி தேவையில்லை, ஆனாலும் ஒரு பைட்டைக் காலியாக விட்டால் நஷ்டமும் இல்லை. நான் இன்னும் விடுகிறேன்.

வேறு சிப்புக்கு மாறும் யோசனை இருந்தால் இரண்டு வார்த்தை. எஸ்டிஎம்32எஃப்4-இல் பிஓஆர் (பிரவுன்-அவுட் ரீசெட்) என்ற பெயரில் இதே காவல் ஆப்ஷன் பைட்டில் இருக்கிறது, அங்கேயும் நாம்தான் போட வேண்டும். ஃபிளாஷில் ஒரே தடவையில் 32 பிட் எழுத 2.7 வோல்ட் வேண்டும், அதற்குக் கீழே என்றால் 16 அல்லது 8 பிட்டாக எழுதச் சொல்ல வேண்டும். எம்எஸ்பி430ஜி2 வரிசையில் சிபியு 1.8 வோல்ட்டில் ஓடும், ஆனால் ஃபிளாஷில் எழுத 2.2 வேண்டும். ப்ரோகிராம் ஓடுகிறதே என்று எழுதப் போனால் அரைகுறையாகத்தான் பதியும். ஈஎஸ்பி32-இல் ஃபிளாஷ் வெளியே தனி ஐசி. 3.3 வோல்ட் ஃபிளாஷ் ஐசிகள் பலவற்றுக்குக் குறைந்தபட்சம் 2.7 வோல்ட் வேண்டும், ஆனால் பிரவுன்-அவுட் டிடெக்டர் ஏறக்குறைய 2.43-இல் தொடங்கும் எட்டுப் படிகளில் இருக்கிறது. கீழ்ப்படியில் விட்டால் சிப் முழித்திருக்கும், ஃபிளாஷ் உளறும். படியை ஏற்றி வையுங்கள். வைஃபை எழும்போது பிரவுன்-அவுட் ரீசெட் விழுகிறது என்று கேட்டால், ஒரு வரி எழுதி டிடெக்டரையே அணைத்துவிடு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். லாரி ஹாரன் தொந்தரவாக இருக்கிறது என்று காதைப் பொத்திக்கொண்டு ரோட்டைக் கடப்பது போலத்தான். கனமான கேபிளும், மாட்யூல் பக்கத்தில் ஒரு நல்ல கெப்பாசிட்டரும் போட்டால் பெரும்பாலும் அந்த மெசேஜே வராது.

செய்து முடித்ததும் தோட்டத்துக்கு அனுப்பும் முன் மேசையிலேயே தோட்டத்தைக் கொண்டுவாருங்கள். டிம்மர்ஸ்டாட்டில் 230-ஐ மெதுவாக இறக்குங்கள், 120-இல் ஒரு நிமிடம் விடுங்கள், ஏற்றுங்கள், ரிலே இழுக்கும் நேரம் பார்த்துத் திரும்ப இறக்குங்கள். இன்னொரு ஆர்டுயினோவும் ஒரு மாஸ்ஃபெட்டும் வைத்து, ஒழுங்கில்லாத இடைவெளியில் சப்ளையை வெட்டி வெட்டிச் சேர்க்கும்படி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஃபிளாஷையும் ஈஈப்ராமையும் படித்து ஒப்பிடுங்கள். முதலில் பிஓடி இல்லாத ஒரு போர்டில் இதைச் செய்து, அது கெடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பிஓடி போட்டதில் செய்யுங்கள். கெடுக்கவே தெரியாத சோதனையில் பாஸ் ஆவதில் ஒன்றுமில்லை.

மீதி பதினேழு போர்டுகளை அவிழ்த்துக் கொண்டுவர வேண்டியதில்லை. லேப்டாப்பும் ஐஎஸ்பி ப்ரோகிராமரும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள். ஆர்டுயினோ வழக்கப்படி பூட்டியிருந்தால் ஃபியூஸ் பூட்டப்பட்டிருக்காது, ப்ரோகிராமை அழிக்காமல் எக்ஸ்டெண்டட் ஃபியூஸை மட்டும் மாற்றலாம். கிரிஸ்டலை அங்கே கழற்ற முடியாது என்பதால் இப்போதைக்கு 4.3 போடுங்கள், கூடவே ப்ரோகிராம் பகுதியின் லாக் பிட்டையும். கிளம்பும் முன் மோட்டாரை இரண்டு மூன்று தடவை ஸ்டார்ட் செய்து பாருங்கள். ரிலே இழுக்கும்போது போர்டு ரீசெட் ஆனால் அந்த இடத்து 5 வோல்ட் சப்ளையைப் பார்க்க வேண்டும், ஃபியூஸைப் பழையபடி மாற்றிவிட்டு வந்துவிடாதீர்கள்.